திருப்பூர்ல இருந்து ஐரோப்பாவுக்கு: தூத்துக்குடியா, கொச்சியா, சென்னையா, இல்ல ஃபிளைட்டா?

சீசன் ஆரம்பிச்சா போதும், புதுசா எக்ஸ்போர்ட் பண்றவங்க கேக்கற கேள்வி ஒண்ணேதான். "ஆர்டர் ரெடி ஆகப்போகுதுங்க, பத்துப் பன்னெண்டு சிபிஎம் (கன மீட்டர்) வரும், ஃபார்வர்டர் (சரக்கை அனுப்பி வெக்கற ஏஜென்ட்) நாலு கொட்டேஷன் குடுத்திருக்காரு, எதுல போட்டா நமக்கு லாபம்?" இதுக்கு உடனே ஒரே வரியில பதில் சொல்றவரு யாராவது இருந்தா, ஒண்ணு அவரு உங்க சரக்கைப் பத்தி எதுவுமே விசாரிக்காதவரு, இல்லாட்டி அவருகிட்ட அந்த வாரம் காலி இடம் கிடக்குது.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். கொட்டேஷன்ல மேல கொட்டை எழுத்துல இருக்கற ஃபிரைட் ரேட்டை வெச்சு முடிவு பண்ணாதீங்க. தேதி தவறுச்சுன்னா யாரு பாக்கெட்ல இருந்து காசு போகும்னு பாருங்க, அதை வெச்சு முடிவு பண்ணுங்க.

முன்னாடி இவ்வளவு யோசிக்க வேண்டியதில்ல. தூத்துக்குடியில ஏத்துனா கொழும்பு, அங்க பெரிய கப்பல்ல மாத்துனா சூயஸ் கால்வாய், சுமாரா நாலு வாரத்துல ஹாம்பர்க்கோ ராட்டர்டாமோ, மனப்பாடமா சொல்லிடலாம். 2021 மார்ச்ல எவர் கிவன் கப்பல் சூயஸ்ல குறுக்க மாட்டிக்கிட்டு ஆறு நாள் கால்வாயே அடைச்சுக் கிடந்தப்போ எல்லாருக்கும் ஒரு உதறல் வந்துச்சு, ஆனா அது விபத்து, சரியாயிடுச்சு. 2023 நவம்பர்ல இருந்து செங்கடல்ல ஹூதிப் படை கப்பல்களைத் தாக்க ஆரம்பிச்சதுதான் கணக்கையே மாத்திப்போட்டுச்சு, பெரிய லைன்காரங்க (கப்பல் கம்பெனிங்க) எல்லாம் ஆப்பிரிக்காவைச் சுத்தி நன்னம்பிக்கை முனை (சுருக்கமா கேப்) வழியா போக ஆரம்பிச்சாங்க, அதுலயே பத்துல இருந்து பதினாலு நாள் கூடிப்போச்சு. அப்புறம் 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா நம்ம சரக்கு மேல 50 சதவீதம் வரைக்கும் வரி போட்டதும், அமெரிக்க பையரை மட்டும் நம்பி இருந்த கம்பெனிங்க ஐரோப்பா, இங்கிலாந்து பக்கம் திரும்பிப் பாத்தாங்க. புது பையர், புது டெர்ம்ஸ், பழக்கமில்லாத ரூட். அதனாலதான் இந்தக் கேள்வி இப்போ இவ்வளவு வருது.

## கொட்டேஷனைப் பிரிக்கறதுக்கு முன்னாடி

லேட் ஆனா யாரு காசு? நம்ம ஊர்ல பாதிக்கு மேல எஃப்ஓபி தான். கப்பல்ல ஏறற வரைக்கும் உங்க பொறுப்பு, அதுக்கு மேல பையர் பொறுப்பு, ஃபார்வர்டரையும் லைனையும் கூட பெரும்பாலும் அவரே நாமினேட் பண்ணிடுவாரு. அப்படீன்னா நமக்கு எதுக்கு இந்த ஒப்பீடுன்னு கேக்கலாம். இருக்குதுங்க. டையிங்ல ஷேடு ஓகே ஆகாம ஒரு வாரம் போச்சு, பிரிண்டிங்ல மூணு நாள் போச்சு, கடைசியில கப்பலை விட்டுட்டீங்கன்னா "ஏர்ல அனுப்புங்க, செலவு உங்களோடது"ன்னு மெயில் வந்து நிக்கும், அதோட அந்த ஆர்டர்ல இருந்த லாபம் முடிஞ்சுது. சிஐஎஃப் போட்டிருந்தா ஃபிரைட்டும் இன்ஷூரன்ஸும் உங்க கணக்கு. டிடிபி போட்டிருந்தா பையரோட வேர்ஹவுஸ் வாசல் வரைக்கும் நடக்கற எல்லாமே உங்க தலையில. இதுல நீங்க எதுன்னு தெரியாம எந்த ரேட்டையும் ஒப்பிட முடியாது.

எத்தனை நாள் ஆகும்னு கேக்காதீங்க, மோசமா போனா எத்தனை நாள்னு கேளுங்க. ஃபார்வர்டர் சொல்ற ட்ரான்சிட் டைம் எல்லாம் நல்லபடியா நடந்தா வர்ற கணக்கு. 32 நாள்னு சொல்லி 32-லயும் வரலாம் 47-லயும் வரலாம்ங்கற சர்வீஸை விட, 38 நாள் சொல்லி 40-க்குள்ள வந்துடற சர்வீஸ் எத்தனையோ மேல்.

சரக்கு எவ்வளவு இடம் புடிக்கும்? 20 அடி கன்டெய்னர் உள்ளளவு சுமார் 33 சிபிஎம், ஆனா அட்டைப்பெட்டியா அடுக்குனா 26, 28 தான் போகும். 40 அடி ஹைகியூப் (உயரம் கூடுன கன்டெய்னர்) 76, அடுக்குனா 65-ல இருந்து 68. துணி எடைக்கு முன்னாடி இடம் தீர்ந்துபோற சரக்கு, அதனால கிலோ கணக்கை விட சிபிஎம் கணக்குதான் உங்களுக்கு முக்கியம்.

பேங்க் பேப்பர்ல என்ன தேதி? எல்சியில (பையர் பேங்க் குடுக்கற பண உத்தரவாதக் கடிதம்) கடைசி ஷிப்மென்ட் தேதின்னு ஒண்ணு இருக்கும். பில் ஆஃப் லேடிங்ல (பிஎல், சரக்கு ஏத்துனதுக்கு லைன் குடுக்கற ரசீது) கப்பல்ல ஏறுன தேதி அதைத் தாண்டிட்டா டிஸ்கிரிபன்ஸி, அதாவது எல்சியோட பொருந்தாத பேப்பர். எல்சியில வேற மாதிரி சொல்லாத வரைக்கும், ஏத்துன நாள்ல இருந்து 21 நாளுக்குள்ள டாக்குமெண்ட்டை பேங்க்ல குடுத்தாகணும், எல்சிக்கான உலகப் பொது விதி யுசிபி 600 சொல்றது அது. ரெண்டு நாள்தானே, பிஎல் தேதியை முன்னாடி போட்டுக் குடுத்துடுங்கன்னு ஃபார்வர்டர்கிட்ட கேக்கற பழக்கம் இன்னும் இருக்கு. கேக்காதீங்க. அது மோசடி. கப்பல் எந்த நாள் எந்த போர்ட்டை விட்டுச்சுன்னு இன்னிக்கு எவன் வேணா செல்போன்லயே பாத்துடறான்.

காசு எத்தனை நாள் முடங்கும்? 40 லட்ச ரூபா இன்வாய்ஸ், பேங்க் கடன் வட்டி வருஷத்துக்கு 9 சதவீதம்னு வெச்சுக்குவோம். பதினாலு நாள் கூட ஆச்சுன்னா வட்டி மட்டும் கிட்டத்தட்ட 13,800 ரூபா. பெரிய தொகை இல்லதான், ஆனா ரெண்டு கொட்டேஷனுக்கு நடுவுல இருக்கற வித்தியாசமே சில சமயம் அவ்வளவுதான் இருக்கும். பேமெண்ட் பிஎல் தேதியில இருந்து எண்றாங்களா, சரக்கு போய் சேர்ந்த நாள்ல இருந்து எண்றாங்களாங்கறதையும் பாருங்க. பின்னதா இருந்தா கேப் சுத்திப் போற ஒவ்வொரு நாளுக்கும் வட்டி நீங்கதான் கட்டறீங்க.

அவசரத்துல இருக்கறவங்களுக்கு ஒரு டேபிள். நாள் எல்லாமே சுமார் கணக்கு, வட ஐரோப்பாவுக்கு.

| வழி | நாள் | எப்போ நல்லது | எங்க அடி விழும் |
|---|---|---|---|
| தூத்துக்குடி, முழு கன்டெய்னர் | சூயஸ்னா 4 வாரம், கேப்னா ஆறு வாரம் வரைக்கும் | 15 சிபிஎம்முக்கு மேல, தேதியில கொஞ்சம் இடம் இருந்தா | கொழும்புல கனெக்‌ஷன் விட்டா |
| கொச்சி | கிட்டத்தட்ட அதே | அந்த வாரம் நல்ல சர்வீஸ் அங்க இருந்தா | ரோடு, காலி கன்டெய்னர் |
| சென்னை | சர்வீஸைப் பொறுத்தது | நடுவுல கப்பல் மாத்தாம போகணும்னா | ட்ரெய்லர் வாடகை, போர்ட் வாசல் க்யூ |
| எல்சிஎல் (பங்கு கன்டெய்னர்) | முழு கன்டெய்னரை விட ஒண்ணு ரெண்டு வாரம் கூட | 2-ல இருந்து 12 சிபிஎம் | அந்தப் பக்கத்து சார்ஜ் |
| கடல்-விமானம் | 2-3 வாரம் | பத்து நாள் லேட் ஆயிட்டா | வளைகுடா நிலவரம் |
| விமானம் | ஒரு வாரத்துக்குள்ள | வேற வழியே இல்லாதப்போ | பெட்டி அளவு |

## தூத்துக்குடி, முழு கன்டெய்னர்

திருப்பூர்க்காரங்களுக்கு இதுதான் பழகுன வழி, பழகுனதுக்கு காரணமும் இருக்கு. ஃபேக்டரியிலயே ஸ்டஃபிங் பண்ணி (சரக்கை அடுக்கி) இ-சீல் போட்டு சாயங்காலம் ட்ரெய்லரை அனுப்புனா விடிகாலை போர்ட் பக்கம் போயிடும். சிஎச்ஏ (கஸ்டம்ஸ் ஏஜென்ட்), சிஎஃப்எஸ் (போர்ட் பக்கத்து கன்டெய்னர் கிடங்கு), கஸ்டம்ஸ் எல்லாருக்கும் பனியன் சரக்கு அத்துப்படி. 2024 செப்டம்பர்ல அங்க இன்னொரு புது கன்டெய்னர் டெர்மினலும் திறந்தாச்சு, 14 மீட்டருக்கு மேல ஆழம். இருந்தாலும் ஐரோப்பா போற சரக்கு பெரும்பாலும் இன்னும் கொழும்பு போய்தான் மாறுது.

அங்கதான் விஷயமே இருக்கு. தூத்துக்குடியில இருந்து கொழும்புக்கு ஃபீடர்ங்கற சின்ன கப்பல் போறது சின்ன தூரம், ஒரு ராத்திரி சமாச்சாரம். ஆனா டவுன் பஸ் அஞ்சு நிமிஷம் லேட்டானதால மெட்ராஸ் பஸ்ஸை விட்ட மாதிரி, ஃபீடர் அரை நாள் தாமதமானா மதர் வெசல் (பெரிய கப்பல்) போயிடும், அடுத்தது ஒரு வாரம் கழிச்சுதான், அதுலயும் இடம் இருக்கணும். 2024-ல செங்கடல் பிரச்சனையால உலகம் பூரா கப்பல் அட்டவணை கலைஞ்சப்போ கொழும்புல நெரிசல் அப்படி இருந்துச்சு, ஃபீடரே பெர்த் கிடைக்காம வெளிய நிக்கவேண்டியதா போச்சு. தூத்துக்குடியில சரியான நாள்ல ஏத்தியாச்சு, பிஎல் கையில வந்தாச்சு, பையருக்கு மெயிலும் போட்டாச்சு, ஆனா பாக்ஸ் கொழும்பு யார்டுல கிடக்குதுங்கறது ட்ராக்கிங் பாத்தாதான் தெரியும். எஃப்ஓபின்னா சட்டப்படி அது பையர் தலைவலி. நடைமுறையில அடுத்த ஆர்டர் பேசும்போது அதையும் உங்க கணக்குலதான் எழுதுவாரு.

கொட்டேஷன்ல தெரியாத செலவுங்க எங்க இருக்குன்னா, முதல்ல காலி கன்டெய்னர். அதை எடுத்துட்டு வந்தா இத்தனை நாள் ஃப்ரீன்னு லைன் குடுக்கும், பேக்கிங் முடியாம, ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் ஃபெயில் ஆகி ரீ-செக்கிங் ஓடிட்டு இருந்தா அந்த நாள் தாண்டி டிடென்ஷன் (தாமத வாடகை) ஓட ஆரம்பிக்கும், வாசல்ல நிக்கற ட்ரெய்லருக்கு ஹால்டிங் தனி. அடுத்தது கட்-ஆஃப், அதாவது கடைசி நேரம். கேட் கட்-ஆஃப் ஒண்ணு, டாக்குமெண்ட் கட்-ஆஃப் ஒண்ணு, விஜிஎம் ஒண்ணு (எடை போட்ட சான்று இல்லாம 2016 ஜூலையில இருந்து எந்த பாக்ஸையும் கப்பல்ல ஏத்தக்கூடாது), இதுல எது தவறுனாலும் பாக்ஸ் அடுத்த கப்பலுக்குப் போயிடும். மூணாவது ரோல்-ஓவர், உங்க மேல தப்பே இல்லாம லைன்காரங்க அதிகமா புக்கிங் எடுத்துட்டு உங்க பாக்ஸை விட்டுட்டுப் போறது. சீசன்ல ரொம்ப மலிவான ரேட்ல புக் பண்ணவங்க பாக்ஸ்தான் முதல்ல கீழ நிக்கும்ங்கறது என் அபிப்பிராயம், யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

மழையையும் மறந்துடாதீங்க. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு, தூத்துக்குடிக்குப் போற ரோடெல்லாம் அறுந்துபோச்சு. அக்டோபர் கடைசியில இருந்து டிசம்பர் வரைக்கும் கட்-ஆஃபுக்கு முந்துன நாள் ட்ரெய்லரை அனுப்பறது சூதாட்டம், ரெண்டு நாள் முன்னாடி அனுப்பிடுங்க.

15 சிபிஎம்முக்கு மேல சரக்கு, பையர் கடையில இறங்க வேண்டிய தேதிக்கு எட்டு வாரம் முன்னாடியே ஃபேக்டரியை விட்டுக் கிளம்பிடும்னா, வேற எதையும் யோசிக்காம இதுலயே போடுங்க. புக்கிங் போடும்போது ஒண்ணு மட்டும் எழுத்துல கேட்டு வாங்குங்க, அந்த வாரத்து மதர் வெசல் சூயஸ் வழியா போகுதா கேப் சுத்திப் போகுதான்னு. ஒரே லைன்லயே சர்வீஸுக்கு சர்வீஸ் மாறும்.

## கொச்சி

வல்லார்பாடம் டெர்மினல் 2011-ல ஆரம்பிச்சப்பவே இனி கொழும்பே வேண்டாம்னு பேசுனாங்க. அப்படி ஒண்ணும் நடக்கல, ஆனா திருப்பூர், கோயம்புத்தூர்க்காரங்களுக்கு அது நிஜமாவே ஒரு மாற்று. தூரம் பாத்தா தூத்துக்குடியை விட கம்மி. குதிரான் குகைப்பாதை திறந்த பிறகு அந்த மேட்டுல மணிக்கணக்கா நின்ன காலம் போச்சு, 2017-ல ஜிஎஸ்டி வந்து வாளையார் செக்போஸ்ட் தொல்லையும் போச்சு.

ஆனா ரோடு இன்னும் முழுசா நம்பற மாதிரி இல்ல. மண்ணுத்தி-அங்கமாலி பக்கம் அண்டர்பாஸ் வேலை நடந்து நெரிசல் எல்லை மீறிப்போய், 2025 ஆகஸ்ட்ல கேரள ஹைகோர்ட்டே பாலியேக்கரை டோல் வசூலை நிறுத்தி வெச்சுது. ரோடு இப்படி கிடக்கும்போது ஜனங்ககிட்ட எதுக்கு காசு வாங்கறீங்கன்னு கோர்ட் கேக்கற நிலைமைன்னா ட்ரெய்லர் டிரைவர் பாடு எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. ஹர்த்தால் அறிவிச்சா ஒரு நாள் போச்சு. காலி கன்டெய்னர், முக்கியமா 40 அடி ஹைகியூப், நீங்க கேட்ட லைன்ல கேட்ட நாள்ல அங்க இருக்கான்னு முதல்லயே உறுதி பண்ணிக்கணும்.

கொச்சியை முதல் சாய்ஸா வெக்காதீங்க, ரெண்டாவது சாய்ஸா எப்பவும் தயாரா வெச்சிருங்க. தூத்துக்குடியில மழை, இல்ல கொழும்புல நெரிசல்னு தகவல் வந்தா உடனே அங்க திருப்பற மாதிரி ஒரு சிஎச்ஏ பழக்கத்துல இருக்கணும். பழக்கமே இல்லாம அவசரத்துக்கு முதல் தடவையா கொச்சி போனீங்கன்னா மிச்சம் புடிச்ச நாளெல்லாம் பேப்பர் வேலையிலயே போயிடும்.

விழிஞ்சம் பத்தியும் கேக்கறாங்க. 2025 மே மாசம் பிரதமர் திறந்து வெச்சாரு, உலகத்துலயே பெரிய கன்டெய்னர் கப்பலெல்லாம் வந்துட்டுப் போகுது. ஆனா அது முக்கியமா ட்ரான்ஷிப்மென்ட்டுக்குன்னு (கப்பல் விட்டுக் கப்பல் மாத்தறதுக்கு) கட்டுன துறைமுகம், அதாவது கொழும்புக்குப் போட்டி. ட்ரெய்லர்ல நேரா கொண்டுபோய் இறக்கறதுக்கு யோசிக்கறதை விட, சில லைன்ல உங்க பாக்ஸ் கொழும்புக்குப் பதிலா விழிஞ்சத்துல மாறுமான்னு கேளுங்க. மாறுனா எத்தனை நாள் அங்க கிடக்கும்ங்கறதையும் சேர்த்துக் கேளுங்க.

## சென்னை

சுருக்கமா சொல்லிடறேன். சென்னை, காட்டுப்பள்ளி, எண்ணூர் மூணுலயும் பெரிய கப்பல் நேரா வந்து போற சர்வீஸ் இருக்கு. நடுவுல கப்பல் மாத்தாம போனா கனெக்‌ஷன் விடற பயம் இல்ல, நான் மேல சொன்ன மோசமான நாள் கணக்கு நல்லாவே கம்மியாகும். ஆனா திருப்பூர்ல இருந்து 450 கிலோமீட்டருக்கு மேல ட்ரெய்லர் வாடகை, எண்ணூர் மணலி பக்கம் போர்ட் வாசல்ல வண்டி நிக்கற நேரம், டிசம்பர்ல புயல் (2023 மிக்ஜாம் ஞாபகம் இருக்கும்), இதெல்லாம் சேர்த்தா மிச்சம் புடிச்ச நாள் ரோட்டுலயே போயிடும். டிடிபி ஆர்டர், லேட்டுக்கு அபராதம் எழுதுன கான்ட்ராக்ட், 40 அடி ஃபுல்லா சரக்கு, இந்த மூணும் ஒண்ணா இருந்தா மட்டும் சென்னை ரேட் வாங்கிப் பாருங்க. கிழக்க ஜப்பான், கொரியா பக்கம் போற சரக்குன்னா கதை வேற, அங்க சென்னைதான் முதல்ல பாக்கணும்.

## எல்சிஎல்: பங்கு கன்டெய்னர்

பத்துப் பன்னெண்டு சிபிஎம்னு கேக்கறவங்க எல்லாரும் வந்து நிக்கற இடம் இது. உங்க சரக்கு, இன்னும் நாலஞ்சு பேரு சரக்கு எல்லாம் ஒரே கன்டெய்னர்ல. ஒரு சிபிஎம்முக்கோ ஒரு டன்னுக்கோ, எது அதிகமோ அதுக்குக் காசு.

கொட்டேஷனைப் பாத்தா அதிசயமா இருக்கும், சிபிஎம்முக்கு ஒண்ணு ரெண்டு டாலர், சில ரூட்ல ஃபிரைட்டே ஜீரோ, இன்னும் சில பேரு நமக்கே திருப்பிக் காசு குடுக்கறேன்னு கூட சொல்லுவாங்க. யாரும் சும்மா கொண்டுபோறதில்லைங்க. அந்தப் பக்கம் போர்ட்ல கன்டெய்னரைத் திறந்து பிரிக்கற சார்ஜ், சிஎஃப்எஸ் சார்ஜ், டாக்குமெண்ட் சார்ஜ், டெலிவரி ஆர்டர் சார்ஜ்னு பையர்கிட்ட எல்லாத்தையும் வசூல் பண்ணிடுவாங்க. பையர் சின்ன ஆளுன்னா, முதல் ஆர்டர்ன்னா, சரக்கு வந்து இறங்கி இந்த பில்லைப் பாத்ததும் முதல்ல உங்களுக்குத்தான் மெயில் போடுவாரு. அதனால சிஐஎஃப்ல எல்சிஎல் போடறீங்கன்னா ரெண்டு பக்கத்து சார்ஜையும் ஒரே பேப்பர்ல எழுதிக் குடுன்னு கேளுங்க. தயங்கறவரை விட்டுடுங்க.

நாள் கணக்கும் வேற. கன்சாலிடேட்டர் (பல பேரு சரக்கை ஒண்ணா சேர்க்கறவரு) வாரத்துக்கு ஒரு நாள் க்ளோசிங் வெச்சிருப்பாரு, சரக்கு அன்னிக்கு மதியம் வந்து சேரலைன்னா அடுத்த வாரம். அந்தப் பக்கம் பிரிக்கறதுக்கு நாலஞ்சு நாள். கூட இருக்கற ஒருத்தர் சரக்கை கஸ்டம்ஸ் நிறுத்துனா உங்களோடதும் சேர்ந்து நிக்கும். பக்கத்துல என்ன சரக்கு வருதுன்னும் உங்க கையில இல்ல. வெள்ளை பேபி ட்ரெஸ் பக்கத்துல மசாலா மூட்டையோ பதம் பண்ணுன தோலோ அஞ்சு வாரம் இருந்தா வாசனை என்ன ஆகும்? பாலித்தீன் கவர், உள்ள சிலிக்கா ஜெல், அட்டைப்பெட்டிக்கு வெளிய இன்னொரு சுத்து, இதுக்கு ஆகற செலவையும் எல்சிஎல் கணக்குல சேருங்க.

பொதுவா 13-ல இருந்து 15 சிபிஎம் தாண்டுனா, பாதி காலியா இருந்தாலும் 20 அடி கன்டெய்னர் தனியா எடுக்கறது மேல். 10, 11-ல இருக்கும்போது கூட ரெண்டு ரேட்டையும் வாங்கிப் பாருங்க, வித்தியாசம் கம்மின்னா தனி கன்டெய்னரே எடுத்துடுங்க, சீல் போட்டது போட்டபடி பையர் வாசல்ல போய் திறக்கும். 2-ல இருந்து 8 சிபிஎம் வரைக்கும், தேதியில மூணு வாரம் தாராளமா இருந்தா, எல்சிஎல் தாராளமா போடலாம். ஒரு சிபிஎம்முக்குக் கீழ போனாலும் குறைஞ்சபட்ச சார்ஜ் உண்டு, அப்போ கூரியர் கணக்கைப் பாக்கறதே நல்லது.

## விமானம்

ஏர்ல போட்டா நஷ்டம்னு எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு நஷ்டம்ங்கறது உங்க பேக்கிங் டேபிள்ல முடிவாகுதுங்கறதுதான் பல பேருக்குத் தெரியறதில்ல.

விமானத்துல எடைக்கும் இடத்துக்கும் எது அதிகமோ அதுக்குத்தான் காசு. நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டர்ல பெருக்கி 6000-ஆல வகுத்தா வர்றது இடத்து எடை, கூரியர்காரங்க பெரும்பாலும் 5000-ஆல வகுப்பாங்க, இன்னும் கூடும். 60-க்கு 40-க்கு 30 பெட்டி எடுத்துக்கோங்க. 72,000 வகுத்தல் 6000, 12 கிலோ. உள்ள ஹூடி இருபது பீஸ், பெட்டியோட சேர்த்து நிஜ எடை 9 கிலோதான். ஆனா பில்லு 12-க்கு. 150 பெட்டின்னா 1,350 கிலோ சரக்குக்கு 1,800 கிலோ காசு.

இதுக்கு மேலயும் ஒண்ணு இருக்கு. ஹூடி உப்பற துணி. பேக்கிங்ல அவசரத்துக்கு முட்டி போட்டு அமுக்கி டேப் ஒட்டிடுவாங்க, ராத்திரி பூரா கிடந்து காலையில பாத்தா மேல் மூடி தொப்பை போட்டு நிக்கும். ஏர்போர்ட்ல அளக்கறவரு பெட்டி மேல அச்சடிச்ச அளவைப் பாக்க மாட்டாரு, தொப்பை எங்க உச்சமோ அங்க டேப்பை வெப்பாரு. 30 சென்டிமீட்டர் 33 ஆச்சுன்னா பெட்டிக்கு 13.2 கிலோ. ஒரு பெட்டிக்கு 1.2 கிலோ கூட, 150 பெட்டிக்கு 180 கிலோ. கணக்குக்காக கிலோ 250 ரூபான்னு வெச்சுக்கிட்டா மூணு சென்டிமீட்டர் தொப்பைக்கு 45,000 ரூபா. ஒரு பெட்டியில பதினெட்டு பீஸ் வெச்சு தட்டையா மூடுனா பெட்டி கூடும், ஆனாலும் ரெண்டு விதமாவும் கணக்குப் போட்டுப் பாத்துட்டு பேக் பண்ணுங்க. ஏர்னு முடிவாயிடுச்சுன்னா பேக்கிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பேக்கிங் சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடுங்க, டாக்குமெண்டேஷன் ஆளுக்கு மட்டும் சொன்னா பத்தாது.

எந்த ஏர்போர்ட்? கோயம்புத்தூர் பக்கம்தான், ஆனா அங்க இருந்து வெளிநாடு போறது சின்ன விமானம், வயித்துல இடமும் கம்மி, கதவும் சின்னது. ரெண்டு மூணு நூறு கிலோ சாம்பிள், அவசர சரக்குன்னா சரி. டன் கணக்குன்னா பெங்களூரு, சென்னை, கொச்சிதான். கொச்சியில ஓணம், பெருநாள் சமயம் காய்கறி, பழத்துக்குத்தான் முதல் மரியாதை, அழுகற சரக்கு முன்னாடி போகும், பனியன் காத்திருக்கும்.

ஏர் சரியான சாய்ஸா இருக்கற நேரமும் இருக்குங்க. ஒரு பீஸ் விலை அதிகமா இருக்கற ஃபேஷன் சரக்கு, முதல் ஆர்டர்ல பையர் நம்பிக்கையைப் புடிக்கணும்னா, இல்ல லேட் பெனால்டி ஏர் செலவை விட அதிகம்னா. பையர் பத்து சதவீதம் டிஸ்கவுண்ட் கேட்டா, முதல்ல ஏர் செலவோட அதை ஒப்பிட்டுப் பாருங்க. பல சமயம் டிஸ்கவுண்ட் குடுத்துட்டு கப்பல்லயே அனுப்பறது மலிவு. பயத்துல உடனே ஏர்னு ஒத்துக்கிட்டு மெயில் போட்டுடறோம், அதான் பிரச்சனை.

## கடல்-விமானம்

இங்க இருந்து கப்பல்ல துபாய் ஜெபல் அலி வரைக்கும், அங்க இருந்து லாரியில ஏர்போர்ட், அப்புறம் ஃபிளைட்ல ஐரோப்பா. கொழும்பு வழியாவும் பண்றாங்க. செங்கடல் மூடுன மாதிரி ஆன பிறகு 2024-ல இது நல்லா சூடு புடிச்சுது. முழு ஏர் செலவுல பாதி சுமாருக்கு முடியும், நாளும் கேப் ரூட்டுல பாதிதான், இல்ல அதுக்கும் கம்மி.

பத்து நாள் லேட் ஆன ஆர்டருக்கு இது கச்சிதம். ஆனா ஜெபல் அலி ஹோர்முஸ் நீரிணைக்கு உள்ள இருக்கு, வளைகுடாவுல சண்டை சத்தம் கேட்டா இந்த வழியே ஆட்டம் காணும். துபாய்ல ஏர் பக்கம் இடம் உறுதியாச்சான்னு இங்க கப்பல் ஏத்தறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கணும், இல்லாட்டி அங்க கோடவுன்ல கிடக்கும். அளவு கணக்கு இங்கயும் 6000 தான், தொப்பை இங்கயும் காசு.

## எதுல போட்டாலும் இன்ஷூரன்ஸ்

எஃப்ஓபி தானே, பையர் பாத்துக்குவாருன்னு விட்டுடறாங்க. ஃபேக்டரியில இருந்து கப்பல்ல ஏறற வரைக்கும் உங்க சரக்கு, வண்டி கவுந்தாலும் போர்ட்ல நனைஞ்சாலும் உங்களோடது. 2025 மே மாசம் விழிஞ்சத்துல இருந்து கொச்சிக்குப் போன எம்எஸ்சி எல்சா 3 கப்பல் 640 கன்டெய்னரோட கேரளக் கடல்ல மூழ்குச்சு, அடுத்த மாசமே கொழும்புல இருந்து மும்பை பக்கம் போன வான் ஹாய் 503 தீப்புடிச்சுது. நம்ம சரக்கு போற வர்ற கடல்தான் ரெண்டும். உங்க பாக்ஸ் பத்திரமா இருந்தா கூட, கப்பலைக் காப்பாத்துன செலவை சரக்கு வெச்சிருக்கற எல்லாரும் பங்கு போட்டுக்கணும்னு ஜெனரல் ஆவரேஜ் அறிவிச்சுட்டாங்கன்னா, பணமோ பாண்டோ கட்டாம சரக்கை விட மாட்டாங்க. இன்ஷூரன்ஸ் இருந்தா அவங்க பாத்துக்குவாங்க, இல்லாட்டி நீங்க பாத்துக்கணும். எவர் கிவன்ல சரக்கு வெச்சிருந்தவங்க எல்லாருக்கும் இது நடந்துச்சு.

## பிரிச்சு அனுப்பறது

கொட்டேஷன் கேக்கற யாருமே இதைக் கேக்கறதில்ல, ஆனா பாதி கேஸுக்கு இதுதான் பதில். பையரோட கடைக்கு முதல் வாரம் எல்லா பீஸும் வேணுமான்னு கேளுங்க. பெரும்பாலும் வேணாம். கடைக்கு ஒவ்வொரு சைஸ்லயும் கொஞ்சம் இருந்தா ஷெல்ஃப் நிறைஞ்சுடும், மீதி ரெண்டு வாரம் கழிச்சு வந்தா போதும். 20 சதவீதம் ஏர்ல, 80 சதவீதம் கப்பல்லன்னு நீங்களா முன்னாடியே பேசுனா பல பையர் ஒத்துக்குவாங்க, சில பேரு ஏர் செலவுல பாதி கூட ஏத்துக்குவாங்க. கட்-ஆஃப் முடிஞ்ச பிறகு பேசுனா ஒத்துக்க மாட்டாங்க.

பேப்பர் வேலை ரெண்டு மடங்கு. ஷிப்பிங் பில் ரெண்டு, இன்வாய்ஸ் ரெண்டு, பேக்கிங் லிஸ்ட் ரெண்டு, சிஎச்ஏ சார்ஜும் ரெண்டு தடவை. எல்சி இருந்தா அதுல பார்ஷியல் ஷிப்மென்ட் (பிரிச்சு அனுப்பறது) கூடாதுன்னு போட்டிருக்கான்னு பாருங்க, போட்டிருந்தா அமெண்ட்மெண்ட் வாங்கற வரைக்கும் ஒரு பெட்டி கூட அனுப்பாதீங்க. எந்த சைஸ், எந்த கலர் முதல்ல போகணும்ங்கற லிஸ்ட்டை பையர்கிட்ட இருந்து கட்டிங் போடறதுக்கு முன்னாடியே வாங்கிடணும், ஏன்னா கடைசியில போகவேண்டிய எக்ஸ்எல் முதல்ல தைச்சு ரெடியா இருந்து, முதல்ல போகவேண்டிய மீடியம் டையிங்ல கிடந்தா பிரிச்சு அனுப்பறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல.